பசார் பின்பக்கத்துப் போட்டோஸ்டேட் கடை: தினச் சம்பளக்காரர்கள் கவனத்துக்கு

போட்டோஸ்டேட் எடுக்க மட்டும் என்றால் இந்தக் கடைக்குப் போகாதீர்கள். மெஷின் பழசு. எடுக்கிற ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும், அதற்குத் தாளுக்கு 20 காசு வேறு. நாலு கடை தள்ளி இருக்கும் சீனர் கடையில் 10 காசுக்குப் பளிச்சென்று எடுத்துத் தருவார்கள். ஐ.சி. (அடையாள அட்டை) அளவு படத்துக்கும் வேண்டாம், எல்லாரையும் வெளிறிப்போன மாதிரி எடுக்கிறார்கள். இங்கே போக வேண்டியது கடையின் பின்பக்கம் போட்டிருக்கும் மேசைக்கு. அங்கே உட்கார்ந்திருக்கும் ஐயா மனு எழுதித் தருகிறார். அதிலும், வருடக்கணக்கில் தினச் சம்பளத்தில் கிடந்துவிட்டு, நிரந்தரம் செய்வதற்குப் பெயர்ப் பட்டியல் வரும்போது “எனக்கு முன்னால் அவன் எப்படி?” என்று கேட்கிற நம்மைப் போன்ற நகராண்மைக் கழக (நகராட்சி) ஆட்களுக்கு மனு எழுதுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. அந்த வேலைக்கு என்னுடைய மதிப்பு நாலு நட்சத்திரம். ஐந்தாவதைப் பிடித்துவைத்த காரணத்தையும் சொல்கிறேன்.

நான் சாலை கூட்டுகிறவள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு பசார், ஒரு மாரியம்மன் கோயில், இரண்டு பெட்ரோல் நிலையம் என்று இருக்கும் சின்ன ஊர். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் அலுவலகம் எது என்று தெரிந்துவிடும், எனக்கு இன்னும் அங்கேயிருந்துதான் சம்பளம் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் இதுவரை படித்ததிலேயே கடையைக் கண்டுபிடித்திருப்பார்கள். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது லயத்தைக் காலி செய்து மலிவு வீட்டுக்கு வந்தோம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அப்புறம் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை. மலாய் சரளமாகப் பேசுவேன், ஆனால் அலுவலகக் கடிதம் எழுதுகிற மலாய் வேறு ரகம்.

எங்கள் சண்டையைச் சொன்னால்தான் ஐயா செய்கிற வேலை புரியும்.

குப்பை எடுக்கும் பொறுப்பைக் கழகங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாற்றிய 2007 ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் 2011 இல் நடைமுறைக்கு வந்தபோது பேராக், சிலாங்கூர், பினாங்கு மாநிலங்கள் அதில் சேரவில்லை. அதில் சேர்ந்த மாநிலமொன்றில், சிரம்பானில் இருக்கும் என் சொந்தத் தம்பி வீட்டுப் பக்கம் குப்பை எடுப்பது ஒரு பெரிய நிறுவனம். எங்கள் ஊரில் அது இன்னும் கழகத்தின் தலையில்தான். கழகம் சிலரை நேரடியாக வைத்துக்கொள்ளும், சில சாலைகளைக் குத்தகைக்காரரிடம் விடும், குத்தகை முடிந்தால் அந்த ஆட்களையே தினச் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளும். இப்படி மாற்றி மாற்றிச் செய்ததில் ஒரே சாலையில் மூன்று விதமான ஆட்கள் விளக்குமாறு பிடித்திருக்கிறோம்.

நான் 2009 இல் கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தவள். 2013 இல் சில மாதங்களுக்கு என் கடிதத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த மாதங்களில் அதே சாலையை, அதே மண்டோரின் (மேற்பார்வையாளர்) கீழ், குத்தகைக்காரரின் சம்பளத்துக்குக் கூட்டினேன். பிறகு கழகம் மறுபடியும் கடிதம் கொடுத்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி 2012 இல் நேரடியாகச் சேர்ந்தவன், இடையில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. இன்னொரு அக்கா 2006 முதல் பசார் சாலையைக் கூட்டுகிறார், ஆனால் 2015 வரை குத்தகைக்காரரின் ஆள். இப்போது சொல்லுங்கள், மூன்று பேரில் யார் மூத்தவர்?

அலுவலகத்துப் பட்டியல் ஒரே ஒரு தேதியைத்தான் பார்த்தது. இடைவெளி விடாமல் வரும் இப்போதைய நியமனம் தொடங்கிய தேதி. அப்படிப் பார்த்தால் தம்பி முதலில், நான் அடுத்து, அக்கா கடைசி. 2006 இல் வந்தவர் கடைசியில்! தம்பி நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் கூட்ட வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

“எல்லாரையும் நிரந்தரம் ஆக்கிவிட்டால் சண்டையே இல்லையே” என்று பலர் கேட்கிறார்கள். நானும் மேசையில் உட்கார்ந்த உடனே அதைத்தான் கேட்டேன். ஐயா 1976 ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தை எடுத்துக் காட்டினார், 171 ஆம் எண் சட்டம். கழகம் தனக்கு என்னென்ன பதவிகள் வேண்டும் என்று பட்டியல் போட்டு மாநில அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் தினச் சம்பளக்காரர்கள் வரமாட்டார்கள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, நம்மை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், நிரந்தரப் பதவி மட்டும் எண்ணி வைத்ததுதான். காலியிடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. அதனால்தான் தேதிக்கு இவ்வளவு மதிப்பு.

ஒய்பியிடம் (தொகுதி மக்கள் பிரதிநிதி) போகலாம், கவுன்சிலரிடம் போகலாம். போனோம். கவுன்சிலர்கள் மாநில அரசு நியமிக்கிறவர்கள், நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. உள்ளாட்சித் தேர்தலை 1965 இலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பகுதிக் கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார், தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கிக் கொடுத்தார், “கடிதமாகக் கொடுங்கள், சேர்த்துவிடுகிறேன்” என்றார். மறுபடியும் கடிதம்தான்.

சரி, கடைக்கு வருவோம்.

ஐயா முன்பு தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். ஊரில் எல்லாரும் இன்னும் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிய கை. அதனால் தினச் சம்பளக்காரர்களின் கணக்கு எங்கே காணாமல் போகும் என்பது அவருக்கு அத்துபடி. நாம் மேசையில் உட்கார்ந்ததும் மனக்குறையைக் கொட்ட ஆரம்பிப்போம். அவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “அதெல்லாம் அப்புறம் மா. முதல்ல தாளை எடு” என்பார். முதல் தடவை எனக்கு முகம் சுருங்கிப்போனது. அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணிடமும் அதையே சொன்னதைப் பார்த்த பிறகு, ஆளின் சுபாவம் அது என்று விட்டுவிட்டேன்.

என்ன தாள் கேட்பார்? முதலில் நியமனக் கடிதங்கள், ஒன்று விடாமல். நம்மில் பாதிப் பேரிடம் கடைசிக் கடிதம் மட்டும்தான் இருக்கும், மற்றதை வெள்ளத்திலோ வீடு மாறும்போதோ விட்டிருப்போம். அடுத்து சம்பளச் சீட்டு. மங்கிப்போன சீட்டையும் தூக்கி எறியாதீர்கள், அவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுகிறார். மூன்றாவதுதான் முக்கியம்: சேமநிதி அறிக்கை. இபிஎஃப்பில் எந்த மாதம், எந்த முதலாளி, எவ்வளவு கட்டினார் என்று பதிவாகியிருக்கும். நம் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்களே, அது வெறும் சேமிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐயா அதை வருகைப் பதிவேடு மாதிரி படிக்கிறார். ஆண்டறிக்கைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் “மைகார்டை எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்குப் போய்ப் பழைய சந்தா விவரத்தைக் கேட்டு வா” என்று அனுப்பிவிடுவார். அவரே போய் வாங்கித் தருவதில்லை. நம் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும் என்பதில் கறார். அது சரிதான் என்றாலும் வயதானவர்களுக்குச் சிரமம்.

சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) சந்தா, மண்டோர் கையெழுத்துப் போட்ட வேலைத்தாள், சீருடை கொடுத்த ரசீது எல்லாவற்றையும் பார்ப்பார். ஒருவர் கோயில் திருவிழாவுக்கு முன் சாலை சுத்தம் செய்தபோது எடுத்த குழுப் படத்தைக் கொண்டுவந்தார். ஐயா பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, வீட்டுல மாட்டு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படத்தில் தேதி இல்லை.

பிறகு ஒரு தாளில் கட்டம் போடுவார். மாதம், சம்பளம் கொடுத்தது யார், எந்தச் சாலை, அத்தாட்சி என்ன. நாலே நாலு கட்டம். மனு அதற்கு மேல் ஒரு பக்கம்தான், மலாயில், அலுவலகம் எதிர்பார்க்கிற முறையில். மற்ற இடங்களில் எழுதிக்கொடுக்கிற மனுக்களில் “ஏழைத் தொழிலாளி”, “கருணை கூர்ந்து” என்று பாதிப் பக்கம் போய்விடும். இவர் எழுதுவதில் அது ஒரு வரி. தேதியைச் சரிபார்க்க ஒரு அதிகாரிக்குக் கருணை வேண்டியதில்லை, அத்தாட்சி இருந்தால் போதும் என்பது அவருடைய கட்சி.

என் மனுவில் ஒரு இடத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. “2009 முதல் தொடர்ந்து கழகத்தில் வேலை செய்கிறேன்” என்று எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றார். 2013 இல் அந்தச் சில மாதங்கள் சேமநிதி கட்டியது குத்தகைக்காரர், அதை மறைத்து எழுதினால் அலுவலகத்தில் ஒரே நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள், அப்புறம் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்றார். அவர் எழுதியது இப்படி: கழகம் கடிதத்தைப் புதுப்பிக்காத மாதங்கள் இவை, அந்த மாதங்களிலும் இதே சாலை, இதே மண்டோர், சம்பளம் கொடுத்தவர் மட்டும் வேறு, இதோ அத்தாட்சி. வீட்டுக்கு வந்து அவரைத் திட்டினேன். என் மகள் படித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இதுதான் பலமா இருக்கு” என்றாள். எனக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

கடையில் ஓய்வூதியக் கணக்கும் போட்டுக் காட்டுவார், கேட்டால் மட்டும். அரசாங்க ஓய்வூதியம் என்றால் வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் 600 இல் ஒரு பங்கு. 40 வயதில் நிரந்தரம் ஆகி 60 வயதில் ஓய்வு பெற்றால் 240 மாதம், அதாவது சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மாதா மாதம். 50 வயதில் ஆனால் 120 மாதம், ஐந்தில் ஒரு பங்கு. கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “ஆனா இது உனக்கு இல்ல” என்றார். 2024 பிப்ரவரி முதல் அரசுப் பணியில் புதிதாக நிரந்தரம் ஆகிறவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, சேமநிதிதான் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. எங்கள் பட்டியல் அதற்குப் பிறகு வந்தது. மாதச் சம்பளம், ஆண்டு உயர்வு, மருத்துவ வசதி, மழை பெய்து வேலை நின்றாலும் வெட்டு இல்லை, இவை கிடைக்கும். ஓய்வூதியம் கிடைக்காது. பட்டியலை முன்பே போட்டிருந்தால் என்கிற வயிற்றெரிச்சல் எங்கள் எல்லாருக்கும் பொது. இதில் மட்டும் தம்பி, அக்கா, நான் மூன்று பேரும் ஒரே கட்சி.

அடுத்து, பலர் இந்தக் கடையைப் பற்றி முணுமுணுக்கிற விஷயம். ஐயா எனக்கும் எழுதினார், அந்த அக்காவுக்கும் எழுதினார், தம்பிக்கும் பதில் மனு எழுதினார். “மூணு பக்கமும் காசு வாங்குறாரு” என்று பசாரில் பேச்சு. எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் மூன்று மனுவையும் நாங்கள் மூன்று பேரும் ஒருநாள் தே தாரிக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் சொன்ன தேதி இன்னொன்றில் மாறவில்லை. அக்காவின் மனுவில் 2006 முதல் 2015 வரை குத்தகைக்காரரிடம் வேலை என்று நேராகவே எழுதி, அந்தக் காலத்தைத் தகுதிக்காகவாவது கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தம்பியின் மனுவில், இடைவெளி இல்லாத சேவைக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். என்னுடையதில், புதுப்பிக்காமல் விட்டது கழகம்தான், நான் விலகவில்லை என்பதுதான் வாதம். மூன்றுமே நியாயம், மூன்றும் ஒன்றாக ஜெயிக்க முடியாது. எங்களை எதிரிகளாக்கியது கிராணி ஐயா இல்லை. ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லாமல் சண்டை போட அவருடைய கட்டம் உதவியது என்பதே என் அபிப்பிராயம்.

வாட்ஸ்அப்பில் வருவதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள், கடுப்பாகிவிடுவார். தமிழ்நாட்டில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதைப் பார்த்துவிட்டுத் தினமும் யாராவது வருகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, 1981 ஆம் ஆண்டுச் சட்டம், ஆனால் அது தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கு. பேராக்கில் அது செல்லாது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் உட்கார்ந்து போராடியதை எல்லாரும் போனில் பார்த்தோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள், நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயா அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2006 இல் உமாதேவி வழக்கில் என்ன சொன்னது என்று ஒருநாள் விளக்கினார்: முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் ஒப்புதல் பெற்ற பதவியில் நீதிமன்ற உத்தரவின் தயவு இல்லாமல் பத்து வருடம் வேலை செய்த தகுதியுள்ளவர்களுக்கு ஒருமுறை மட்டும் வழி செய்யலாம் என்று. “அங்கேயும் கடைசியில கேக்குறது ரெண்டுதான். பதவி இருக்கா? எந்தத் தேதியிலேர்ந்து இருக்கே?” என்றார். ஆனால் என் மனுவில் இந்தியாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் கூடாது.

இனி குறைகள்.

மேசையில் எல்லார் தாளும் திறந்தே கிடக்கும். எனக்கு முன்னால் வந்தவரின் சம்பளம், சேமநிதி இருப்பு, ஐ.சி. எண் எல்லாம் என் கண்ணில் பட்டது. என்னுடையது எனக்குப் பின்னால் வந்தவர் கண்ணில் பட்டிருக்கும். ஒரு மூடி போட்ட கோப்பு 3 வெள்ளி (ரிங்கிட்), அதை வாங்கி வைக்கக் கூடாதா? இதற்காகத்தான் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தேன். ஐயாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவார். “2013 ல ஏன் மா உன்னை நிறுத்தினாங்க?” என்று அவர் கேட்டது முன்னால் போட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. பிரசவம், நோய், வீட்டுத் தகராறு என்று சொல்லக் கூச்சப்படுகிற காரணம் இருக்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்விடுங்கள்.

விலை. மனு 20 வெள்ளி, கட்டத்தோடு சேர்த்து 35. தாள் அடுக்கிக் கோப்பு கட்டித் தந்தால் 50. மழைக்கால மாதத்தில் அது நமக்குப் பெரிய காசு. ஆனால் சம்பளம் வந்த பிறகு கொடுக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்கிறார், நோட்டில் எழுதிவைத்துக்கொள்வார், மறக்கமாட்டார். ஊரில் இன்னொருவர் 10 வெள்ளிக்கு எழுதித் தருகிறார், எல்லாருக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். அந்த மனுக்களை அலுவலகத்தில் எண்ணக்கூட மாட்டார்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு நிரந்தரம் இன்னும் ஆகவில்லை. ஆனால் மனு போன பிறகு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, மூலத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லி. புதிய பட்டியலில் இப்போது இரண்டு தேதி இருக்கிறது: முதல் நியமனம் ஒரு பத்தியில், இப்போதைய நியமனம் அடுத்த பத்தியில். என் பெயருக்கு எதிரே முதல் பத்தியில் 2009 என்று அச்சாகியிருக்கிறது. எந்தப் பத்தியை வைத்து வரிசை போடப்போகிறார்கள் என்று முடிவாகவில்லை. அக்காவுக்குக் குத்தகைக் காலம் தனிக் குறிப்பாகச் சேர்ந்திருக்கிறது, வரிசையில் ஏறவில்லை. அவர் மறுபடி எழுதப்போகிறார், அதே கடையில். தம்பி இன்னும் முதல் இடத்தில்தான்.

போகிறவர்களுக்கு: காலை பத்துக்கு மேல் திறக்கிறார், மதியம் கோயில் மணி அடித்தால் சாப்பிடப் போய்விடுவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருக்கமாட்டார். சம்பள நாளுக்கு மறுநாள் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. மூலத் தாளை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். அந்த நகலைச் சீனர் கடையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஐயா கோபித்துக்கொள்ளமாட்டார். பின் மேசையில் ஏற்கனவே உங்கள் பட்டியல்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால், எதிரே போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வாருங்கள். அவர் முடித்துவிட்டு அங்கேதான் வருவார், அப்போது இடம் மாற்றிக்கொள்ளலாம்.